பிள்ளைக்குக் கண்ணாடி: யூன், யூலைக் குறிப்புகள்

யூன் 5
பிரேம் தெரிவுசெய்கிறதுக்கு முதல், பவர் எழுதித் தந்த துண்டைப் பார்க்கவேணும். சின்னப் பிள்ளையின் கண், கிட்டத்துப் பொருளைப் பார்க்கிற மாதிரித் தானாக இறுகிக்கொள்ளும். அந்த நிலையில் மெசினில் அளந்தால் மைனஸ் (கிட்டப்பார்வைப் பவர்) கூட விழும், பிளஸ் (தூரப்பார்வைப் பவர்) ஒளிந்துவிடும். அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் சைக்ளோபென்டோலேற் துளி விட்டு, அரை மணி முக்கால் மணி பொறுத்து அளந்த பவரைத்தான் நம்பலாம். அன்றைக்கு எழுத்து மங்கும், வெயில் கூசும். துணுக்காய், முல்லைத்தீவுப் பக்கமிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்கள் பிள்ளைக்கு ஒரு தொப்பி கொண்டுவந்தால் திரும்பிப் போகிற பஸ்ஸில் கரைச்சல் இல்லை.

யூன் 11
“வளருற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசா எடுப்பம்.” பள்ளிக்கூடச் சட்டைக்கு இந்தக் கணக்குச் சரி, கண்ணாடிக்குச் சரிவராது. பிரேம் காலின் உள்பக்கத்தில் 44, 16, 125 என்று மூன்று இலக்கம் இருக்கும்: ஒரு லென்ஸின் அகலம், மூக்குப் பால இடைவெளி, காலின் நீளம், எல்லாம் மில்லிமீற்றரில். முதல் இரண்டையும் கூட்டினால் 60. பிள்ளையின் இரண்டு கருமணிக்கும் இடையிலான தூரம் 56 என்றால் பிரேம் பொருந்தும். அதே பிள்ளைக்கு 50, 18 எடுத்தால் கூட்டுத்தொகை 68. ஒவ்வொரு கண்ணும் லென்ஸின் நடுவிலிருந்து 6 மில்லிமீற்றர் உள்ளே நிற்கும். கடைக்காரர் மையத்தை நகர்த்தி வெட்டினால் மைனஸ் லென்ஸின் வெளி விளிம்பு தடிக்கும், பாரத்தில் கண்ணாடி வழுகும். நகர்த்தாமல் வெட்டினால் அதைவிட மோசம்: பவர் 4 என்றால் ஒவ்வொரு கண்ணிலும் 2.4 பிரிசம், அதாவது ஒளியைப் பக்கவாட்டில் வளைக்கிற விளைவு, சேரும். பிள்ளை “தலையிடிக்குது” என்று கழற்றி வைக்கும், வீட்டில் குழப்படி என்பார்கள். கருமணித் தூரத்தைத் துண்டில் எழுதி வாங்குங்கோ.

யூன் 12
நிறத்தைப் பிள்ளையிடம் விடுங்கோ. அம்மா தெரிவுசெய்த நிறம் புத்தகப் பைக்குள்தான் கிடக்கும்.

யூன் 20
போட்டுப் பார்க்கும்போது முகம் பார்க்கிற கண்ணாடியில் அழகு பார்க்கிற நேரத்தைக் குறைத்து, பிள்ளையைக் குனிந்து நிலத்தைப் பார்த்துத் தலையை ஆட்டச் சொல்லுங்கோ. சின்ன வயதில் மூக்குத் தண்டு தட்டை, அதனால் பாலம் அகன்ற பிளாஸ்ரிக் பிரேம் கீழே இறங்கும். பிள்ளை மேல் விளிம்புக்கு மேலால் பார்க்கும். சிலிக்கன் மூக்குத் தாங்கி வைத்தது நிற்கும். கால் வளைவு காதுக்கு எட்டமுதலே தொடங்கினால் காதை அழுத்தும், பிந்தித் தொடங்கினால் வழுகும். இமைமயிர் லென்ஸில் முட்டக்கூடாது.

சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வேலை செய்கிற பவர்) உள்ள பிள்ளைக்கு வட்டப் பிரேம் வேண்டாம் என்பது என் கட்சி. ஆணி தளர்ந்தால் லென்ஸ் பிரேமுக்குள்ளேயே சுழலும், வெளியில் ஒன்றும் தெரியாது. 10 பாகை திரும்பினாலே சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் நிற்கும். 30 பாகை திரும்பினால் போட்டும் பலனில்லை.

யூன் 28
லென்ஸ்: கண்ணாடிச் சில்லு கூடவே கூடாது. பந்து பட்டாலும் இலகுவில் உடையாதது பொலிகாபனேற். ஆனால் அது மென்மை, கீறல் தடுக்கும் பூச்சு இல்லாமல் வாங்கக்கூடாது. ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ள பிள்ளைக்கு விலை பார்க்காமல் இதுதான்.

யூலை 6
சோளகம் அடிக்கிற மாதம். செம்மண் புழுதியைச் சேர்ட் நுனியால் துடைத்தால் அது அரத்தாள்தான். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் தடவி, திரும்பக் கழுவுங்கோ. கிணற்றுத்தண்ணீர் சவராக இருந்தால் காயவிடாமல் பருத்தித் துணியால் ஒற்றவேணும், இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளி படியும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டால் பூச்சு வெடிக்கும்.

யூலை 15
சோம்பல் கண்ணுக்கு (பார்வை சரியாக வளராத கண்ணுக்கு) நல்ல கண்ணை மூடச் சொன்னால், ஒட்டுத்துணி தோலில் ஒட்டவேணும், அதற்கு மேல் கண்ணாடி. லென்ஸில் ஒட்டினால் பிள்ளை பக்கத்தால் எட்டிப் பார்க்கும். எத்தனை மணித்தியாலம் என்பதை வைத்தியர் சொல்லுவார்.

பவர் மாறிய பழைய கண்ணாடியைத் தங்கச்சிக்குப் போடாதேங்கோ. புதியது உடைந்து திருத்தக் கொடுத்த நாட்களில் அதே பிள்ளைக்கு அது உதவும்.