மாமாவின் ஐந்து சதவீதம்

போன ஞாயிறு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், பக்கத்து வீட்டு மாமா ஒரு கையில் பன்னி சௌவோடு (பன்றி அல்ல, குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி) மறு கையால் போனை நீட்டினார்.

"பாத்தியா தம்பி, பெரிய ஃபண்ட் ஒண்ணு நம்ம கம்பெனிக்குள்ள வந்துடுச்சு!"

ரிட்டயர்டு அரசுப் பள்ளி ஆசிரியர். என்னோடு பேசத்தான் தமிழைத் தூசு தட்டுகிறார். 'நம்ம கம்பெனி' என்பது ஜோகன்னஸ்பர்க் சந்தையில், வளரும் நிறுவனங்களுக்கென 2003இல் தொடங்கிய ஆல்ட்எக்ஸில் இருக்கும் ஒரு குட்டி நிறுவனம். யாராவது அதன் பங்குகளில் 5 சதவீதத்தைத் தாண்டினால் சந்தையின் செய்திச் சேவையான சென்ஸில் அறிவிப்பு வரும். அதைத்தான் கோயில் விபூதி மாதிரி காட்டினார்.

நான் ஃபண்ட் கணக்கு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். கம்பெனியின் மொத்த மதிப்பே 20 கோடி ரேண்ட்; அதில் 5 சதவீதம் 1 கோடி. ஆயிரம் கோடி வைத்திருக்கும் ஃபண்டுக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்கு. மூழ்கினாலும் அவர்கள் மதியச் சாப்பாடு தடைப்படாது. சரி, நிஜமாகவே நம்பி நூற்றில் ஒரு பங்கு போடலாமென்றால் பாதிக் கம்பெனியை வாங்க வேண்டியிருக்கும். அப்புறம் யாரிடம் விற்பது?

மாமா பதிலுக்கு, பின்னாளில் பெரிதாக வளர்ந்த சீன இணைய நிறுவனம் டென்சென்ட்டை இழுத்தார். 2001இல் தென்னாப்பிரிக்க ஊடக நிறுவனம் நேஸ்பர்ஸ் 3.2 கோடி டாலருக்கு அதில் 46.5 சதவீதம் வாங்கியது உண்மைதான். ஆனால் 2018 வரை ஒரு பங்கைக்கூட விற்காமல் உட்கார்ந்திருந்தது. காலாண்டுக்கு ஒருமுறை பதில் சொல்ல வேண்டிய ஃபண்ட் மேனேஜருக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது.

"பெரியவங்க விசாரிக்காமலா போடுவாங்க?" என்றார்.

"மாமா, 2017 டிசம்பரில் அயோங்கிற டெக் கம்பெனி பங்கை 43 ரேண்ட் விலையில் 430 கோடிக்கு வாங்கினது அரசாங்க முதலீட்டு நிறுவனம் பி.ஐ.சி. அப்புறம் விலை சரிஞ்சு, விசாரணைக் கமிஷன் வரைக்கும் போச்சு. பி.ஐ.சி. பாத்துக்கறது யார் பணம்? உங்க பென்ஷனும் அதில்தான் இருக்கு."

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

ஆர்டர் பட்டியலைத் திறந்து காட்டினேன். வாங்க 38 சென்ட்டில் 1,800 பங்கு. விற்க 52 சென்ட்டில் 90,000. நடுவில் வெற்றிடம். அந்த ஃபண்டிடமோ இரண்டரைக் கோடிப் பங்கு.

திங்கள் காலை மாமா பாதியை மட்டும், 3,000 பங்கை, 50 சென்ட்டுக்கு விற்கப் போட்டார். சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல்: "தம்பி, இன்னும் ஒருத்தனும் வரலப்பா."