எர்ரர் யார் கணக்கில்

2019 ஜனவரியில் எனக்கு வேலை இருந்தது, சம்பளம் இல்லை. பட்ஜெட் இழுபறியில் டிசம்பர் 22-ஆம் தேதி மூடிய வாஷிங்டன் அரசு அலுவலகங்கள் 35 நாள் கழித்துத்தான் திறந்தன. அரசு ஊழியர்களுக்குப் பாக்கிச் சம்பளம் வந்து சேர்ந்தது. அரசுக்கு சாஃப்ட்வேர் எழுதும் எங்களைப் போன்ற கான்ட்ராக்டர்களுக்குப் போனது போனதுதான். அதைவிடக் கூத்து, ப்ராஜெக்ட் ஐந்து வாரம் நின்றுகிடந்தும் ரிலீஸ் தேதி மட்டும் அசையவில்லை. ஏப்ரல் கடைசி என்றால் ஏப்ரல் கடைசிதான்.

அந்த ஐந்து வாரத்தை எங்கிருந்து பிடுங்குவது? எப்போதும் பிடுங்குகிற இடத்திலிருந்துதான். மூன்று வார டெஸ்டிங் நான்கு நாளானது.

எங்கள் டெஸ்டர் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆபீஸில் என்னை மட்டும் 'அண்ணா' என்பாள். ரிலீஸுக்கு மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ராத்திரி தானாக ஓடி விண்ணப்பங்களை மொத்தமாக முடிக்கவேண்டிய பேட்ச் ஜாப் பாதியில் நின்றிருந்தது. ஒரே விண்ணப்பம் இரண்டு தடவை பதிவாகிக் கிடந்தது. கிளையன்ட் அறிக்கை கேட்டார்கள். அதில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியவன் நான். 'டெஸ்டிங்கில் விடுபட்டது' என்று எழுதி, அவள் பெயரையும் போட்டேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கேஸ் அவள் பட்டியலில் இல்லைதான். இரண்டு வாரத்தில் அவளை ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஊர் பேஸ்பால் அணியான நேஷனல்ஸுக்கும் அந்த வசந்தம் சரியில்லை. நட்சத்திர ஆட்டக்காரர் பிரைஸ் ஹார்ப்பர் 13 வருடத்துக்கு 33 கோடி டாலர் என்று ஃபிலடெல்ஃபியாவோடு ஒப்பந்தம் போட்டுப் போய்விட்டார். முதலில் இறங்கும் பிட்சர்கள், அதாவது பந்து எறிகிறவர்கள், நன்றாகத்தான் போட்டார்கள். அவர்களுக்குப் பிறகு வரும் புல்பென் ஆட்கள் ஜெயிக்க வேண்டிய மேட்ச்களை எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸில் தாரை வார்த்தார்கள். யாரையாவது தூக்கியாக வேண்டுமே? மே 2-ஆம் தேதி பிட்சிங் கோச்சைத் தூக்கினார்கள். புல்பென் அப்படியேதான் இருந்தது. மே 23-இல் நியூயார்க்கில் தொடர்ந்து நான்காவது மேட்ச்சையும் தோற்றபோது கணக்கு 19 வெற்றி, 31 தோல்வி.

ஐ.பி.எல்.லில் 14 லீக் மேட்ச். நாலு தோற்றாலே நமக்குச் சோறு இறங்காது. இங்கே 162 மேட்ச். அநேகமாகத் தினமும் ஒன்று. எங்கள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்ட பெரியவருக்கு நேஷனல்ஸ் என்றால் உயிர். "ஐம்பதுதானே ஆகியிருக்கிறது" என்று சொல்லி, மறுநாள் வெள்ளிக்கிழமை மயாமியோடு நடந்த மேட்ச்சுக்கு என்னையும் இழுத்துப் போனார். நேவி யார்ட் ஸ்டேஷனில் இறங்கினால் பொடிநடைதான். நாலாவது இன்னிங்ஸ் நடுவில் பெரிய பெரிய தலை மாட்டிய ஜனாதிபதி வேஷக்காரர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். நம் ஊரில் இப்படித் தலைவர்களை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்தேன்.

பெரியவர் எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. மடியில் அட்டை, கையில் பென்சில். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் சின்ன வைரம். ஃபீல்டர்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்: பிட்சர் 1, கேட்சர் 2, ரைட் ஃபீல்டர் 9. இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் (6) பிடித்து முதல் பேஸில் நிற்பவருக்கு (3) எறிந்தால் 6-3. மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்டாகும் ஸ்ட்ரைக்அவுட்டுக்கு ஆங்கிலக் 'கே'. மட்டையை வீசாமலே மூன்றாவது ஸ்ட்ரைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு அதே கே கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திரும்பி நிற்கும். ஃபீல்டர் தப்பு செய்தால் எர்ரர் என்பதற்கு ஆங்கில 'இ' போட்டு, பக்கத்தில் அவர் எண்.

ஒரு பந்து ஷார்ட்ஸ்டாப்பின் கைக்கு எட்டாமல் நழுவிப் போனது. "இ6தானே?" என்றேன், கற்றுக்கொண்ட பெருமையில்.

"இல்லை. சாதாரண முயற்சியில் பிடித்திருக்க முடியும் என்றால்தான் எர்ரர். இல்லையென்றால் அடித்தவனுக்கு ஹிட்."

"அதை யார் முடிவு செய்கிறார்கள்?"

"மேலே ஒரு ஸ்கோரர் உட்கார்ந்திருக்கிறார். யோசித்துப் பார்த்து அப்புறம் மாற்றவும் செய்வார்."

அன்று நேஷனல்ஸ் ஜெயித்தது. திரும்பும் ரயிலில் எனக்கு வெற்றி ஞாபகமில்லை. ஒரு ஆள், நான்கு நாள், இருநூற்றுச் சொச்சம் டெஸ்ட் கேஸ். விண்ணப்பங்கள் பதிவாகும் டேட்டாபேஸ் டேபிளில் யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் இல்லை என்பது பெரியவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அது இருந்திருந்தால் ஒரு விண்ணப்பம் இரண்டாவது தடவை உள்ளேயே நுழைந்திருக்காது. தேதிக்குப் பயந்து 'அடுத்த ரிலீஸில் போட்டுக்கலாம்' என்றவன் நான். சரி என்றவர் அவர். எதிர் சீட்டில் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். நானும் எதுவும் பேசவில்லை.

கோடை முழுக்க நேஷனல்ஸ் ஜெயித்துக்கொண்டே போய் 93-69 என்று சீசனை முடித்தது. அக்டோபர் 1, மில்வாக்கியோடு ஒரே மேட்ச், தோற்றால் வீட்டுக்கு. எட்டாவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்தங்கியிருந்தோம். பேஸ் மூன்றிலும் ஆள், இரண்டு அவுட். இருபது வயது ஹுவான் சோட்டோ ரைட் ஃபீல்டுக்கு ஒரு சிங்கிள் அடித்தார். இரண்டு ரன் வந்து சமமாகியிருக்கும். ஆனால் அங்கே நின்ற டிரென்ட் கிரிஷமைத் தாண்டிப் பந்து ஓடிவிட்டது, மூன்றாவது ஆளும் வந்துவிட்டார். 4-3. வீட்டில் நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் உத்தரத்தைத் தட்டினார். அப்புறம்தான் திரையில் கவனித்தேன்: இ9. கிரிஷமுக்கு 22 வயது, அது முதல் சீசன். வழக்கமாக அங்கே ஆடும் கிறிஸ்டியன் யெலிச்சுக்கு முழங்கால் சில்லு உடைந்ததால் நின்றவர்.

அக்டோபர் 27 தீபாவளி. பேஸ்பால் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஐந்தாவது மேட்ச் வாஷிங்டனில் நடந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. 'ஹேப்பி தீபாவளி அண்ணா. சார்லட்ல ஜாயின் பண்ணிட்டேன்.' என்னவோ டைப் செய்தேன், அழித்தேன். இனிப்புப் படம் ஒன்று அனுப்பினேன்.

30-ஆம் தேதி ஹூஸ்டனில் ஏழாவது மேட்ச்சை ஜெயித்துக் கோப்பை. ஏழு மேட்ச்சிலும் வெளியூர் அணியே ஜெயித்த விசித்திரமான தொடர். வாஷிங்டனுக்கு 1924-க்குப் பிறகு முதல் தடவை. அடுத்த வாரம் எங்கள் மேனேஜர் ஒரு ஸ்லைடு போட்டார். பெரிய எழுத்தில் 19-31, கீழே எங்கள் ப்ராஜெக்ட் பெயர். எல்லோரும் கைதட்டினார்கள். பிட்சிங் கோச்சை யாருக்கும் ஞாபகமில்லை. புல்பென் கடைசிவரை சரியாகவில்லை. அக்டோபரில் ஸ்ட்ராஸ்பர்க், கார்பின், ஷெர்ஸர் என்று முதல்தர பிட்சர்களையே இடையிலும் இறக்கி ஓட்டை தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். நாங்களும் அந்த பேட்ச் ஜாப்பை ஐந்து மாதம் ராத்திரி முழித்துக் கையால்தான் ஓட்டினோம்.

நவம்பர் கடைசியில் மில்வாக்கி கிரிஷமை சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டது. 2020-இல் சென்டர் ஃபீல்டில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் அவருக்கு.

2021-இல் அந்த ப்ராஜெக்டை விட்டு வந்த அன்று பழைய டிக்கெட்டைத் திறந்தேன். மூடிய டிக்கெட். 'காரணம்' கட்டத்தில் அவள் பெயர் அப்படியே இருந்தது, திருத்தும் பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. கமென்ட் பெட்டி மட்டும் திறந்திருந்தது. 'யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் இல்லை. தள்ளிப்போட்டது நான்' என்று எழுதி சேவ் செய்தேன். லேப்டாப்பையும் பேட்ஜையும் கொடுத்துவிட்டு நாலரை மணி ரயிலைப் பிடித்தேன்.