முதலில் சூடு, அப்புறம்தான் பால்

சென்னையில் நாய், பூனைகளுக்கான தனியார் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். ஊசி போடும்போது பிடித்துக்கொள்வது, டிரிப் பாட்டில் மாற்றுவது, கூண்டு கழுவுவது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். அதில் என் மனசு அதிகம் ஒட்டிக்கொண்டது, தாயில்லாத பூனைக்குட்டிகளைத் தேற்றுகிற வேலையில்தான். கண்கூடத் திறக்காத குட்டி நோயோடு வந்தால், பார்த்து முடித்த பிறகு டாக்டர் மேடம் பெரும்பாலும் என் கையில்தான் கொடுப்பார்.

கொண்டுவருகிறவர்கள் அநேகமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். "அக்கா, காலையிலேர்ந்து பாலே குடிக்க மாட்டேங்குது." குட்டியைத் தொட்டால் சில்லென்று இருக்கும். சுண்டுவிரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தால் அங்கேயும் சூடு இருக்காது. பிறந்த முதல் வாரத்தில் பூனைக்குட்டிக்குக் குளிரில் நடுங்கக்கூட வராது. தாயின் வயிற்றில் ஒட்டிக் கிடந்தால்தான் அதற்குச் சூடு. உடம்பு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிட்டால் குடல் அசைவு மந்தமாகி நின்றுபோகும். அந்த நேரத்தில் ஊட்டுகிற பால் செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும், அல்லது எதுக்களித்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நுரையீரலுக்குப் பால் போன குட்டியைக் காப்பாற்றுவது ரொம்பவும் கஷ்டம்.

அதனால் முதலில் சூடு. காலி சலைன் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய துண்டைச் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைப்போம். சூடு அதிகமானால் குட்டி ஊர்ந்து போக மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். அவசரம் கூடாது. மெதுவாக, ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். ரொம்பவும் துவண்டு கிடந்தால் டாக்டர் சொல்கிற அளவில் குளுக்கோஸை ஈறில் தடவுவோம், அவ்வளவுதான். குட்டிக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் கத்த ஆரம்பிக்கும். "பாவம்க்கா, ஒரு சொட்டாவது குடுங்களேன்" என்று கொண்டுவந்தவர் கெஞ்சுவார். நானும் பிள்ளை வளர்த்தவள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான வேலை.

சென்னை வெயிலில் குளிர் எங்கிருந்து வரும் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வெளியே அனல் அடிக்கும், குட்டியோ ஏசி அறையில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும். அழுக்காக இருக்கிறதே என்று குளிப்பாட்டி, ஈரம் காயாமலே கொண்டுவருகிறவர்களும் உண்டு. முதல் வாரத்தில் குட்டியைச் சுற்றி 30 முதல் 32 டிகிரி சூடு இருந்தாக வேண்டும். பாக்கெட் பாலும் அப்படித்தான், பாசத்தில் கொடுப்பது. பூனைப்பாலில் இருக்கும் அளவுக்குப் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் கிடையாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். குட்டிகளுக்கென்றே விற்கிற பால் பவுடரைத்தான் கரைக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்தும் ஊட்டக் கூடாது. குப்புறப் படுத்து, தலை லேசாக நிமிர்ந்து, அதுவாகச் சப்பி இழுக்க வேண்டும். சரியாகப் பிடித்துக்கொண்ட குட்டிக்கு ஒவ்வொரு மடக்குக்கும் காது இரண்டும் படபடவென்று ஆடும். அதைப் பார்த்துவிட்டால் எனக்குப் பாதி பயம் போய்விடும்.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி ஷூ டப்பாவில் மூன்று குட்டிகளைக் கொண்டுவந்தார். தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டதாம். மூன்றுக்கும் சளி. சாம்பல் நிறக் குட்டிக்கு ஒரு கண் இமை திறக்காமலே உள்ளே சீழ் கட்டி, பட்டாணி அளவுக்குப் புடைத்திருந்தது. இமை தானாகத் திறக்கட்டும் என்று விட்டால் கண்ணே போய்விடும். மேடம் வெதுவெதுப்பான சலைனில் பஞ்சை நனைத்து, இமைமேல் வைத்து ஊறவிட்டு, மூக்கோரமாகத் தொடங்கி மெல்ல மெல்லப் பிரித்தார். மஞ்சளாகச் சீழ் வழிந்தது. துடைத்துச் சொட்டு மருந்து விட்ட பிறகு பார்த்தால் உள்ளே கண் இருந்தது, பால் படர்ந்த மாதிரி மங்கலாக.

இன்னொன்றுக்கு ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது. உடம்பு முழுக்கத் தெள்ளு. இவ்வளவு சின்ன உடம்பில் தெள்ளு உறிஞ்சும் ரத்தமே உயிரை எடுத்துவிடும். மருந்து போட முடியாத வயசு. நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் மருந்தோ பெரிய பூனைக்கே விஷம். பேன் சீப்பால் வாரி வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் அது போய்விட்டது. பால் ஒழுங்காகக் குடித்துக்கொண்டிருந்த குட்டி. முந்தின நாள் எடை மட்டும் ஏறவில்லை.

எடைதான் எங்களுக்கு முதல் சேதி. பிறக்கும்போது சுமார் 100 கிராம், அப்புறம் ஒரு நாளைக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே எடை நின்றுபோனால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். அடுத்தது சிறுநீர். மூன்று வாரம் வரை குட்டி தானாகப் போகாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். நாங்கள் ஈரப் பஞ்சால் தடவிவிடுவோம். பஞ்சில் நிறமே தெரியாமல் இருந்தால் நல்லது, மஞ்சளாக இருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது.

பான்லூக்கோபீனியா என்கிற கொடிய வைரஸ் நோய் வந்த குட்டிகளை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கும். அந்தக் கிருமி ஓர் இடத்தில் ஒரு வருஷம் வரைகூட உயிரோடு கிடக்கும். அந்த அறையை ப்ளீச் கலந்த தண்ணீரால் கழுவி, உடை மாற்றி, அன்றைக்கு வேறு குட்டியைத் தொடாமல் வீட்டுக்குப் போவேன்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மொட்டை மாடியிலோ பரணிலோ குட்டிகள் சுத்தமாக, வயிறு நிறைந்து, சத்தமில்லாமல் தூங்கினால் தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். தூர நின்று சில மணி நேரம் கவனியுங்கள். எங்கள் பெட்டியும் பாட்டிலும் தாய்க்கு ஈடாகாது. தாய் வரவே இல்லை, குட்டி சில்லிட்டுப் போயிருக்கிறது என்றால் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள்.

சாம்பல் குட்டியும் அதன் கூடப்பிறந்ததும் தேறிவிட்டன. பிரித்துக் கொடுக்க எனக்கு மனசில்லை, பெரம்பூரில் ஒரு குடும்பம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. அந்த அம்மாவிடம் இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன். "காய்ச்சல்னு பாரசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்கம்மா, பூனைக்கு அது விஷம். பினாயில் போட்டுத் துடைச்ச தரையில விடாதீங்க, பாதத்தை நக்கும்." இரண்டையும் பூனையின் கல்லீரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. அவர் அதைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அட்டையின் முன்பக்கத்தில் அடுத்த ஊசியின் தேதியும், அன்றைய எடையும் என் கையெழுத்தில் இருந்தன: 810 கிராம், 765 கிராம்.