கடைசி மோதலுக்கு முன்னால் ஒரு கேள்வி

பழைய எதிரிகளான குத்துச்சண்டை வீரர்கள் இருவர் கடைசியாக ஒருமுறை மோதப்போகிறார்கள் என்று செய்தி வந்தால், அவர்களுடைய வயதைப் பார்ப்பதற்கு முன்பே, இருவரும் கடைசியாக எப்போது வளையத்தில் ஏறினார்கள் என்பதைத்தான் நான் தேடுவேன். 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் நடந்த சண்டையின் பதிவைப் பார்த்த நாள் முதல் இந்தப் பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது.

முகம்மது அலிக்கு அப்போது 38 வயது. 1978 செப்டம்பரில் லியோன் ஸ்பிங்க்ஸை வென்ற பிறகு அவர் எந்தப் போட்டியிலும் இறங்கவில்லை. இருந்தும் எடை குறைந்து, முடி கறுத்து, பழைய அலியே திரும்பி வந்தது போல் நின்றார்; அந்த மெலிவில் தைராய்டு மாத்திரைக்கும் பங்கு இருந்தது பின்னால்தான் தெரிந்தது. எதிரே நின்ற லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அவருக்கே பயிற்சித் துணையாக இருந்தவர். அலி தலையைப் பின்னால் இழுக்கிறார், அதற்குள் ஹோம்ஸின் ஜாப், முன்கையால் விடும் நேர்க் குத்து, வந்து விழுந்துவிடுகிறது. பதிலுக்கு அலி நீட்டும் கை எட்டாமல் நின்றுபோகிறது. ஒரு கட்டத்தில் ஹோம்ஸே, நிறுத்தமாட்டீர்களா என்பது போல் நடுவரைப் பார்க்கிறார். 10ஆம் சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். அதுவரை ஒரு சுற்றுகூட அலிக்குக் கிடைத்திருக்கவில்லை.

ஓடி ஓடி மூச்சை மீட்டுவிடலாம், எடையையும் இறக்கிவிடலாம். ஆனால் எதிராளியின் தோள் அசைவிலேயே வரப்போகும் குத்தைப் படித்து, அரை அடி நகர்ந்து, அதே நொடியில் திருப்பி அடிக்கும் கணிப்பு, உண்மையாகவே வீழ்த்த வரும் ஒருவரின் முன்னால் நின்றால்தான் கூர்மையாக இருக்கும். தலைக்கவசமும் தடித்த கையுறையும் அணிந்து செய்யும் ஸ்பேரிங், அதாவது பயிற்சிச் சண்டை, அதற்கு ஈடாகாது.

இதற்கு மறுப்பாகச் சுகர் ரே லெனார்டைக் காட்டுவார்கள். ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு சண்டை மட்டும் ஆடியிருந்த அவர், 1987 ஏப்ரலில் மார்வின் ஹாக்லரை வென்றது உண்மைதான். ஆனால் அப்போது அவருக்கு வயது 30. அதே லெனார்ட் ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1997 மார்ச்சில், 40 வயதில் ஹெக்டர் கமாச்சோவை எதிர்கொண்டபோது, 5ஆம் சுற்றிலேயே தோற்றுப்போனார்.

பழைய பகை இந்த ஆபத்தை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். அவனை எனக்குத் தெரியும் என்று இருவருமே நம்புகிறார்கள். மனதில் இருப்பதோ இளமைக் காலத்து எதிராளி, இளமைக் காலத்துத் தன் கால்கள். பெர்னார்டு ஹாப்கின்ஸும் ராய் ஜோன்ஸும் 1993இல் மோதிவிட்டு, 2010 ஏப்ரலில், 45 வயதிலும் 41 வயதிலும் மீண்டும் சந்தித்தார்கள். இருவரும் முந்தைய டிசம்பரில்தான் சண்டையிட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் கட்டிப்பிடிப்பும் விதிமீறலுமாகவே அந்த 12 சுற்றுகள் கழிந்தன. ஹாப்கின்ஸ் வென்றார், எனக்கோ பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

ஆண்டுக்கணக்கில் வளையம் ஏறாத இருவர் கையெழுத்திடுவதற்கு முன்னால், இப்போதும் தொடர்ந்து ஆடிவரும் ஒருவருடன் ஆளுக்கொரு 10 சுற்றுச் சண்டையை ஆடிக்காட்ட வேண்டும் என்று கேட்பேன். அத்தனை ஆண்டு காத்திருந்த பகை இன்னும் ஆறு மாதம் காத்திருக்கட்டும்.