மாமாவின் செருப்பு

தாராவியில் மாமாவுக்குச் சின்னப் பட்டறை. ஒரே ஜன்னல், அதையும் தோல் கட்டுகள் அடைத்திருக்கும். நேற்று போனபோது பசை டப்பாவை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். டீ வாங்க எழுந்தவரின் இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்றது. நாலடி போயும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் படித்தது நச்சியல். இந்த மாதிரிப் பசைகள் பலவற்றில், பசையை இளக்கி வைக்கும் கரைப்பானாக ஹெக்சேன் இருக்கும். வாரக்கணக்கில் அதைச் சுவாசித்த எலிகளுக்கு முதலில் பின்னங்கால் தடுமாறும், அப்புறம் காலை இழுத்து இழுத்துத்தான் நகரும். உடம்பு ஹெக்சேனை 2,5-ஹெக்சேன்டையோனாக மாற்றுகிறது. அது நீளமான நரம்புகளின் நுனியிலிருந்து கெடுத்துக்கொண்டே வரும். பாதம் முதலில் மரத்துப்போவது அதனால்தான். பசையில் எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) என்ற இன்னொரு கரைப்பானும் சேர்ந்திருந்தால் கேடு இன்னும் அதிகம், இதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். எலிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1960களில் ஜப்பானில் செருப்பு செய்தவர்களுக்கும் இதே நரம்பு நோய் வந்தது.

"சர்க்கரையா இருக்கும்டா" என்றார் மாமா. இருக்கலாம். ஆனால் பார்க்காமல் விடமாட்டேன். சனிக்கிழமை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். கிளம்பும் முன் கட்டுகளை நகர்த்தி ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன்.