திருகோணமலை ஆலயமொன்றில் பங்கு மக்களோடு சேர்ந்து ஒளி அமைத்த அனுபவம்

திருகோணமலையில் கடற்கரையை அண்டிய கத்தோலிக்க ஆலயமொன்றைத் திருத்தியமைக்கும் பொறுப்பு கட்டடக் கலைஞனான என்னிடம் வந்தபோது, சரவிளக்கு, பளிங்குத் தரை, பீடத்தின் பின்னே நிறம் மாறும் விளக்குகள் என்று பங்கு மக்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. அதைப் பற்றி உடனே விவாதிக்காமல், ஞாயிறு திருப்பலிக்கு அவரவர் வழமையாக அமரும் வாங்கிலேயே இருந்து, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று சொல்லும்படி கேட்டேன்.

“தம்பி, ஆர் வாசிக்கினம் எண்டு குரலை வைச்சுத்தான் கண்டுபிடிக்கிறனான்” என்றார் பின்வரிசையிலிருந்த ஓர் அம்மா. அவர் பக்கத்தில் போய் அமர்ந்து பார்த்தேன். பலிபீடத்தின் பின்னால் கிழக்குச் சுவரில் இருந்த பெரிய யன்னலூடாகக் காலை வெயில் நேரே கண்ணில் அடித்தது. வாசக மேடையில் நின்றவர் முகமற்ற கரிய உருவமாகவே தெரிந்தார். எத்தனை விளக்கு போட்டாலும் அந்த வெயிலை வெல்ல முடியாது. 8.5 பாகை வட அகலக்கோட்டிலுள்ள இவ்வூரில் நண்பகல் வெயிலைக் கூரை தாங்கிக்கொள்ளும். தாழ்வாக உள்ளே நுழைவது காலை, மாலை வெயில்தான். ஆகவே கிழக்கு யன்னலை அடைத்து, வாசகரின் முகத்தில் பக்கவாட்டாக ஒளி விழும்படி வடக்குச் சுவரில் உயரமாக ஒரு திறப்பு வைத்தோம். வடகீழ்ப் பருவ மழைச்சாரல் அடிக்கும் பக்கம் என்பதால் அங்கே கூரையையும் வெளியே நீட்ட வேண்டியிருந்தது. பழைய யன்னலின் நிறக்கண்ணாடி ஒரு குடும்பத்தின் நினைவுக் கொடை. அதை மேற்கு வாசலுக்கு மேலே பொருத்துவதென்று முடிவான பின்னரே அவர்களின் மனம் ஆறியது. அந்த மனத்தாங்கல் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

பின்னர் ஒரு மாலை வாடகை விளக்குகளைக் கட்டி, பாட்டுப் புத்தகத்தின் மேல் ஒளிமானியை வைத்து அளந்தோம். ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில், 150 லக்ஸில் இளைஞர்கள் தடையின்றி வாசித்தார்கள். முதியவர்களோ 300ஐ நெருங்கிய பிறகே புத்தகத்தை முகத்தருகே தூக்குவதை விட்டார்கள். அதனால் வாங்குகளுக்கு மேலே அந்த 300 லக்ஸைத் தரக்கூடிய மஞ்சள் சாயல் விளக்குகளை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவில் 3000 கெல்வின்) தெரிவுசெய்தோம். சரவிளக்கைக் கைவிடச் சொன்னவர்கள் மீனவர்கள். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைத் தினமும் காண்பவர்கள் அவர்கள். ஆகவே விளக்குத் தாங்கிகளுக்கு உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கையே பயன்படுத்தினோம்.

மக்கள் முழுமையாகவும் செயலூக்கத்துடனும் பங்கேற்க ஆலயக் கட்டடம் உதவ வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகளாவிய கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வலியுறுத்தியது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வழிபாட்டைப் பற்றிப் பீடப் பணியாளரான இளைஞர் ஒருவர் பேசியபோது அதன் பொருள் எனக்குக் கண்கூடாயிற்று. இருளில் பாஸ்கா திரி எனும் பெரிய மெழுகுதிரி முன்செல்ல, மக்களின் மெழுகுதிரிகள் ஒவ்வொன்றாக எரிய, “கிறிஸ்துவின் ஒளி” மூன்றாம் முறை பாடப்பட்ட பின்னரே ஆலய விளக்குகள் ஏற்றப்படும். முன்பு எல்லா விளக்குகளும் ஒரே ஆளியில் இருந்ததால் அவை பளீரென்று ஒன்றாக எரிந்து, மக்களின் கண்களைக் கூசச் செய்தன. இப்போது பீடம், வாசக மேடை, வாங்குகள், மாதா சுரூபம் ஆகியவற்றுக்குத் தனித்தனி மின்சுற்றுகள் உண்டு. வாங்கு விளக்குகளின் ஒளியைப் படிப்படியாகக் கூட்டலாம். பக்க விறாந்தை விளக்குகளை மட்டும் மாரி முடிந்த பின் பொருத்த இருக்கிறோம்.