அழிச்சுட்டுத் திரும்ப வாசிச்ச ஆல்பம்

நேத்து ராத்திரி ஹெட்போன்ல மறுபடியும் ஹெவி மெட்டல் பாடகர் ஓஸி ஆஸ்போர்னோட ‘ப்ளிஸார்ட் ஆஃப் ஓஸ்’ ஆல்பம். (பேரைப் பாத்து சிரிக்காதீங்கப்பா.) 1979ல, அவர் பாடிக்கிட்டிருந்த பிளாக் சபாத் இசைக்குழு அவரை வெளிய அனுப்பிடுச்சு. அடுத்த வருஷமே இங்கிலாந்து சர்ரேல, ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டூடியோவுல இந்த ஆல்பம்.

கிட்டார் ராண்டி ரோட்ஸ். அப்போ வயசு 23தான்! அத்தனை இரைச்சலுக்கு நடுவுல, தன் அம்மாவுக்காக ஒரு நிமிஷம்கூட வராத கிளாசிக்கல் கிட்டார் துண்டு ஒண்ணு வாசிச்சிருப்பார். எனக்கு ஆல்பத்துலயே பிடிச்சது அதான்.

பாட்டு வரிகள்ல பெரும்பங்கு பாஸ் கிட்டார் வாசிச்ச பாப் டெய்ஸ்லியோடது. 2002 மறுவெளியீட்டுல அவரோட பாஸையும் லீ கெர்ஸ்லேக்கோட டிரம்ஸையும் தூக்கிட்டு, வேற ஆளுங்களை வாசிக்க வெச்சாங்க. கொடுமை! 2011லதான் பழைய வாசிப்பு திரும்ப வந்துச்சு. சிடி வாங்குறவங்க பின்னட்டையில வருஷத்தைப் பாத்துக்குங்க.